எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு

"ஏனுங்க, கொலைகாரன் யாருங்க?"

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

அப்போது நான் மேலகரத்தில், எங்கள் வீட்டு மாடியறையில், மின்விசிறிக்கு அடியில் இருபது புத்தகங்களை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு சீசனுக்கு முந்தைய சாரல் காலம். ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. இந்த நாட்களில் எங்கள் பக்கம் அப்பளத்துக்கும் புத்தகத்துக்கும் ஒரே கதிதான். கொஞ்சம் அசந்தால் நமத்துப் போகும்.

"எந்தக் கொலைகாரன்?" என்றேன்.

"நீங்க அனுப்புன நாவல்லதாங்க. ஈரோட்டுல இருந்து சாந்தா டீச்சர் பேசறேன். இன்ஸ்பெக்டர் விளக்கப் போடறாரு. 'அங்கே நின்றுகொண்டிருந்தது'ன்னு எண்பதாம் பக்கம் முடியுது. திருப்பிப் பார்த்தா பின்னட்டை. கூந்தல் தைல விளம்பரம். தைலக்காரனா கொலை பண்ணுனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு புத்தகத்தைச் சும்மா எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எண்பது. அதற்குப் பிறகு அட்டை. இன்னொன்றை எடுத்தேன். எண்பது. மூன்றாவது. எண்பது.

ஐந்தாவது புத்தகத்தை எடுக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

முன்பக்கத்துக்காரி

என்ன வியாபாரம் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் நிமிர்ந்து நின்று சொல்லும் பதில்: துப்பறியும் கதை, பேய்க்கதை, மாத நாவல் இவற்றின் முதற்பதிப்புகளைத் தேடி வாங்கி, சேகரிப்பவர்களுக்கு விற்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் 'மு. செல்வி, எம்.ஏ.' என்று பலகை மாட்டியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அந்த இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. தபால்காரர் ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டு வாசிக்கிறார். வாசிக்கட்டும்.

அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பிரிக்கிறவர். தினமும் முதல் பஸ்ஸில் போவார். காயைக் கையில் உருட்டினாலே ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், ஊறுகாய் என்று சொல்லிவிடுவார். புத்தகங்களுக்கும் நான் அதே தரத்தைத்தான் வைத்திருக்கிறேன். அட்டை பளிச்சென்று இருந்தால் ஒன்றாம் தரம். மூலை மடங்கியிருந்தால் இரண்டு. பூச்சி அரித்திருந்தால் ஊறுகாய். என்னிடம் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு பழகிவிட்டது. மதுரையிலிருந்து ஒருவர், "ஊறுகாயாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று எழுதுவார்.

முதல் அச்சைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. உரிமைப் பக்கத்தில் போட்டிருப்பதை நம்பி இறங்கக் கூடாது. மறு அச்சு போட்டவர்கள் பலர் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்லை. அட்டைப் படத்தைப் பார்க்க வேண்டும். மறு அச்சில் ஓரம் வெட்டும்போது ஓவியரின் கையெழுத்து பாதி போயிருக்கும். விலை படத்தோடு அச்சாகியிருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நூற்றுக்கணக்கான அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நானே பிடித்தது.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒன்று தெரியவில்லை. முதற்பதிப்பு விற்கிறவள் பார்ப்பதெல்லாம் முன்பக்கத்தைத்தான். கடைசிப் பக்கத்தில் எனக்கு வேலையே இருந்ததில்லை. பழைய தாளை அதிகம் விரித்தால் முதுகு விட்டுப் போகும் என்று வாசிப்பதும் இல்லை. நான் விற்றவற்றில் நான் வாசித்தது எத்தனை என்று கேட்டால், அன்றைக்குப் பலகையைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்

இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வாங்கியவை. குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில், இப்போது நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு காலத்தில் அதே இடத்தில் வாடகை நூலகம் நடத்தியவர். பரணில் மூட்டை கட்டிக் கிடந்த அறுபத்தெட்டு நாவல்களை அவரிடம் நான் மொத்தமாக எடுத்திருந்தேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் வட்ட முத்திரை. 'வாடகை நூலகம், குற்றாலம்.' முத்திரை விழுந்த பிரதிக்கு எங்கள் வியாபாரத்தில் மதிப்புக் குறைவு. அதனால் தயக்கத்தோடுதான் போனில் படம் போட்டேன்.

பன்னிரண்டு உடனே போயிற்று. அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து சுந்தரம் என்பவர் கூப்பிட்டார். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். முப்பது வருடமாகச் சேகரிப்பவர். அவர் பேரைச் சொன்னால் இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த முத்திரை இருக்கிற புத்தகம் அத்தனையும் எனக்கு வேணுமுங்க. யாருக்கும் குடுத்துறாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வர்றேன்."

முத்திரை வேண்டாம் என்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். முத்திரைதான் வேண்டும் என்றவர் அவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. தலை கிறுகிறுத்துப் போயிருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். அதுவரை "படிச்சுப் படிச்சுப் பழைய பேப்பர் கடையா வைக்கப் போறா" என்று அலுத்துக்கொண்டவர்தான்.

இப்போது புதன்கிழமை. என் கையில் முடிவில்லாத ஐம்பத்தாறு நாவல்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லாமல், "ஒரு மூட்டையில நாலு காய் அழுகியிருந்தா என்னப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"நாலு என்னத்துக்கு, ஒண்ணு போதும்ட்டி. அடுத்த வாரம் நம்ம மூட்டைய அவிழ்த்தே பாக்க மாட்டானுவ" என்றார்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன்.

நின்றுகொண்டே வாசிக்கிற கூட்டம்

"அண்ணாச்சி, புத்தகம் எல்லாம் கடைசியில கிழிஞ்சிருக்கு."

அண்ணாச்சி ஒரு வாடிக்கையாளருக்கு மிளகுச் சிப்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"கிழியலம்மா. நான்தான் எடுத்தேன்."

"எடுத்தீங்களா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வந்த அன்னைக்கு ஒவ்வொரு புஸ்தகமாத் தொறந்து மொதப் பக்கத்தையே மோந்து மோந்து பாத்த. ஒண்ணையாவது பொறத்தால திருப்பினியா? சரி, இவளுக்கு முடிவு வேண்டாம் போலன்னு நெனச்சேன்."

"முடிவு வேண்டாம்னு யாராவது நாவல் வாங்குவாங்களா?"

"மொதப் பக்கத்துக்காக நாவல் வாங்குதவளையே நான் ஒன்னத்தானம்மா பாத்தேன்!"

சிப்ஸ் வாங்க வந்தவர் சிரித்தார். எனக்குக் காது சூடானது.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் லாட்ஜில் தங்குவார்கள். குளித்த நேரம் போக மீதி நேரத்துக்கு நாவல் வாடகைக்கு எடுப்பார்கள். கிளம்புகிற காலையில் வேன் ஹாரன் அடித்ததும் ஈரத் துண்டோடு புத்தகமும் பைக்குள் போய்விடும். முதல் இரண்டு வருடத்தில் பாதிப் புத்தகம் அப்படி ஊர் ஊராகப் போய்விட்டது.

அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப் புத்தகம் வந்ததும் பின்னை நெம்பிக் கடைசிப் பாரத்தை, அதாவது கடைசிப் பதினாறு பக்க மடிப்பை, உருவி எடுத்துவிடுவார். அட்டையை மறுபடி பசை போட்டு ஒட்டுவார். கைகாரர், ஒட்டிய தடமே தெரியாது. எண்பதாம் பக்கத்தில் முட்டி நிற்கிறவன் என்ன செய்வான்? கடைக்கு ஓடிவருவான்.

"'அண்ணாச்சி, முடிவு?'ம்பான். 'புஸ்தகத்த மொதல்ல பலகையில வை'ம்பேன். வச்ச பொறவுதான் கடைசிப் பாரத்தைக் கையில கொடுப்பேன். நின்னுக்கிட்டேதான் வாசிக்கணும். உக்கார விட்டா அடுத்த புஸ்தகத்தையும் ஓசியில முடிச்சிருவானுவ."

அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்லக் கண்ணில் தெரிந்தது. அருவியிலிருந்து நேராக வந்து, தலையில் தண்ணீர் சொட்ட, கடை முன்னால் வரிசையாக ஏழெட்டுப் பேர் நின்று வாசிக்கிறார்கள். ஒருவன், "அட, மேனேஜர்தானா!" என்று கத்துகிறான். அதே நாவலைப் பாதியில் வைத்திருக்கும் இன்னொருவன் அவனை அடிக்கப் போகிறான்.

"சரி அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பாரம் எல்லாம் இப்போ எங்கே?"

அதுவரை சலசலவென்று பேசியவர், குரலை இறக்கி, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அது அவ சொத்து. நீயே கேட்டுக்கோ."

முறுக்கு டின்

சட்டியில் சிப்ஸ் அரித்துக்கொண்டிருந்தவர் அண்ணாச்சியின் மனைவி கோமதியக்கா. அறுபது வயதிருக்கும். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய முறுக்கு டின்னைத் தூக்கிவந்தார். மூடியைத் திறந்தார்.

நூலால் கட்டிய கடைசிப் பாரங்கள். புத்தகங்களெல்லாம் சுத்தமாக இருக்க, இவை மட்டும் எண்ணெய்க் கறையும் நீர்த் தடமுமாக இருந்தன. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்களின் விரல் ரேகைகள் ஓரத்தில் வரிசையாக. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசம் வந்தது.

"எல்லாம் நான் வாசிச்சதுதான்" என்றார் அக்கா.

"முழு நாவலுமா அக்கா?"

"முழுசா வாசிக்க எனக்கு எங்கட்டி நேரம்? சீசன்ல புஸ்தகம் ஊர் சுத்தப் போயிரும். சீசன் முடிஞ்சா இவுக மூட்டை கட்டிப் பரண்ல போட்டிருவாக. இது ஒண்ணுதான் எப்பவும் கடையில கெடக்கும். வாசிக்குதவன் தோளுக்குப் பின்னால நின்னு நானும் எட்டி எட்டிப் பாப்பேன்." டின்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "எனக்கு அத்தனை கொலைகாரனையும் தெரியும். செத்தது யாருன்னுதான் ஒண்ணுலயும் தெரியாது."

"அக்கா, இதை எனக்குத் தரணும். ஞாயித்துக்கிழமை ஆள் வராரு."

"தர மாட்டேன்."

"அக்கா..."

"நீ அந்த முன்பக்கத்தை எல்லாம் இங்கன கொண்டா. எந்த முடிவு எந்தப் புஸ்தகத்துக்குன்னு ஒனக்குத் தெரியுமா? இதுல அட்டையும் கெடையாது, பேரும் கெடையாது. எனக்குத் தெரியும், ஆள் பேரைச் சொன்னாப் போதும். நீ சத்தமா வாசி. செத்தது யாருன்னு வாரது வரைக்கும் வாசி. அந்தாக்குல முடிவை எடுத்துத் தாரேன். படிச்ச பிள்ளதான, தொண்டை இருக்குல்லா?"

முதல் பிணம் வரை

வியாழன் காலை அப்பாவின் எலுமிச்சைப் பெட்டியில் ஐம்பத்தாறு நாவல்களை அடுக்கி, மேலே பாலித்தீன் தாள் போட்டுக் கட்டி, டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

சில எழுத்தாளர்கள் இரண்டாம் பக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடுகிறார்கள். புண்ணியவான்கள். சிலர் நாற்பது பக்கம் காதலிக்க விட்டுவிட்டு அப்புறம்தான் கத்தியை எடுக்கிறார்கள். வெள்ளி மதியத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வாசிக்க விடாமல் அக்கா குறுக்கே குறுக்கே வருவார். ஒரு வீட்டில் டாக்டர் எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுக்கிறார் என்று நான் வாசித்தால், "நல்லவன் மாதிரி நடிக்கான் பாரு, சவம். இவன்தான்ட்டி! குடிக்காதன்னு சொல்லு!" என்பார். சிப்ஸ் வாங்க வந்த ஒரு அம்மா, "யாரைச் சொல்லுதீக?" என்று நின்றார். அப்புறம் அவர் போகவே இல்லை. மாலைக்குள் கடை முன்னால் குடையும் துண்டுமாகப் பத்துப் பேர். அன்று சிப்ஸ் வியாபாரம் பிரமாதம். அண்ணாச்சி எனக்குச் சுக்குக் காப்பி போட்டுப் போட்டுக் கொடுத்தார்.

ஆள் பேரை வைத்து அக்கா முடிவை உருவுவார். எண்பதாம் பக்கத்தின் அறுந்த வரியையும் எண்பத்தொன்றாம் பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து வாசித்துப் பார்ப்பேன். சேர்ந்தால் நூல் போட்டுக் கட்டிவிடுவோம். ஏற்கெனவே விற்றுப்போன பன்னிரண்டுக்கும் வாங்கியவர்களைப் போனில் பிடித்து, உண்மையைச் சொல்லி, ஆள் பேர்களைக் கேட்டு, கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். சாந்தா டீச்சர், "அங்கே நின்றுகொண்டிருந்தது" என்று வாசித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா டின்னில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான் வாசித்தேன்: "அவருடைய சொந்தச் சித்தப்பா."

"நெனச்சேன்!" என்றது ஈரோடு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடமாக நான் விற்றுக்கொண்டிருந்தது எதை என்பது எனக்கு அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஒரு நாவலைத் தனியாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் பிணம் விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அதற்கு முன் ஒன்று நடந்தது. அறுபத்தெட்டுக்கும் முடிவு கிடைத்த பிறகும் டின்னில் ஒரு பாரம் மிச்சம் இருந்தது. ஒரு சங்கீத வாத்தியார், வீணைத் தந்தியால் யாரையோ கழுத்தை நெரித்துவிட்டு, போலீஸ் வண்டியில் ஏறுகிறார். அதற்குப் புத்தகமே இல்லை.

அண்ணாச்சி அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஓடிப்போன புஸ்தகம். நான் பாரத்தை உருவ ஆரம்பிச்ச பொறவு திரும்பி வராதது இது ஒண்ணுதான். முடிவு தெரியாமலே ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான் பாரு. அவனுக்கு என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்!"

அக்கா அந்தப் பாரத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எத்தனை வருசமா மண்டையைக் கொடையுது தெரியுமா? வாத்தியார் தங்கமானவரு. அழுதுக்கிட்டே வண்டியில ஏறுதாரு. யாரைக் கொன்னாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

பலகையில் வை

ஞாயிற்றுக்கிழமை சுந்தரம் சாரைச் சிப்ஸ் கடைக்கே வரச் சொன்னேன். புத்தகமும் முடிவும் அங்கேதான் இருந்தன. வழியிலேயே அருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, தோளில் ஈரத் துண்டோடு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். "சார், இந்தப் புத்தகம் எல்லாம் முழுசு என்று சொல்லித்தான் படம் போட்டேன். அது தப்பு. கடைசிப் பாரம் எல்லாத்திலும் தனியாக இருக்கிறது. சேர்த்து நூல் கட்டியிருக்கிறேன். நான் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்காமல் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தெரியுமுங்க" என்றார். "இந்த முத்திரை போட்ட புத்தகத்துல முடிவு இருக்காதுன்னு எனக்கு முப்பது வருசமாத் தெரியும்."

பைக்குள் கைவிட்டுச் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்தார். அட்டையில் ஒரு வீணை. முதல் பக்கத்தில் ஊதா வட்டம்.

"பத்தாங் கிளாஸ் லீவுல குடும்பத்தோட வந்திருந்தோம். ரெண்டாம் நாள் அருவியில வெள்ளம்னு எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டாங்க. அப்பா அடிச்சுப் புடிச்சு எங்களை வேன்ல ஏத்துனாரு. புத்தகம் துண்டுக்குள்ள சிக்கிருச்சு. ஊருக்குப் போய்ப் பார்த்தா எண்பதாம் பக்கம். இன்னொரு பிரதிக்குத் தேடாத கடையில்லைங்க. மறு அச்சே போடல. அதத் தேடப் போய்த்தான் மத்ததை எல்லாம் சேர்க்க ஆரம்பிச்சேன். இங்கயும் ரெண்டு தடவை வந்தேன். நூலகம் இல்ல, சிப்ஸ் கடைதான் இருந்துச்சு. அதே அண்ணாச்சிதான்னு தெரியல. இந்தப் பொண்ணு போட்ட படத்துல முத்திரையப் பார்த்ததும், முடிவும் அங்கதான் எங்கயாச்சும் கிடக்கும்னு..."

அண்ணாச்சி தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "ஏலே, நீதானா அவன்!"

"நான்தானுங்க அண்ணாச்சி."

கோமதியக்கா கரண்டியை வைத்தார். டின்னிலிருந்து அந்த மிச்சப் பாரத்தை எடுத்தார். சுந்தரம் சாரின் கை தன்னால் நீண்டது. அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"புஸ்தகத்த மொதல்ல பலகையில வை."

வைத்தார். அக்கா முடிவைக் கொடுத்தார். அவர் சுற்றிப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுக்கப் போனார்.

"உக்காரப்படாது" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவு பெரிய சேகரிப்பாளர், எங்கள் வட்டத்தில் எல்லோரும் பயபக்தியோடு பேசுகிற மனிதர், பலகை ஓரத்தில் நின்றுகொண்டே வாசித்தார். தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தாளில் விழுந்தது. 'சார், ஈரம்!' என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தாளில் ஏற்கெனவே நிறையச் சொட்டுகள் இருந்தன.

சாரல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பதினாறு பக்கம். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சொல்ல ஆள் தேடி அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வீணை அட்டை. பத்தாம் பக்கமோ, பதினொன்றாம் பக்கமோ. நிமிராமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"பேசாதீக. இன்னும் யாரும் சாகல."